"கடைசியா எப்பப் போட்டே?"

திருப்பூரில் நீதிமன்றத்துக்குப் போகிற வழியில் ஒரு பேக்கரி இருக்கிறது. எங்கள் பக்கம் டீக்கடை வைத்தாலும் போர்டில் பேக்கரி என்றுதான் எழுதுவார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, எட்டரை மணி இருக்கும், ஒரு மனு விஷயமாக வந்த நான் அங்கே காத்திருந்தேன். இலவசச் சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராக இருப்பதால் அந்தக் கடை எனக்கு இரண்டாவது வீடு மாதிரி. பக்கத்து பெஞ்சில் எனக்குப் பழக்கமான ஓவர்லாக் டெய்லர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே இருபத்திரண்டு வயதுப் பையன். பைக் திருட்டு வழக்கில் தண்டனைக்குப் பதிலாக நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவன். அன்று அதிகாரியிடம், அதாவது அவனைக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலரிடம், கையெழுத்துப் போடும் நாள். அவனுடைய டீயில் ஆடை கட்டிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான், கொட்டாவி மேல் கொட்டாவி விட்டான். சித்திரை வெக்கையிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றவில்லை.

"கடைசியா எப்பப் போட்டே கண்ணு?"

"சனிக்கிழமை ராத்திரிங்ண்ணா. சம்பளம் வாங்குனதும்."

"அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லையா? எங்கிட்ட நெசத்தச் சொல்லோணும்."

"நேத்து மத்தியானம் ஒண்ணு. அதுக்கப்புறம் இல்லீங்ண்ணா, சத்தியமா."

"சரி, விடு. மொதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் கையெழுத்து. நானும் கூட வர்றேன், டீயக் குடி."

இதே கேள்வியை அந்தப் பையனிடம் இன்னும் மூன்று பேர் கேட்டிருந்தார்கள். அம்மாவிடம் "விட்டுட்டேம்மா" என்றிருக்கிறான். அதிகாரியிடம் "மூணு மாசம் ஆச்சுங் சார்" என்றிருக்கிறான். டாக்டரிடம் ஒரு வாரம் என்று சொல்லியிருக்கிறான். நான்கு பேருக்கும் நான்கு பதில். உண்மை கிடைத்தது டெய்லர் அண்ணனுக்கு மட்டும்தான். அவரும் ஆறு வருடம் போதை ஊசி போட்டவர், விட்டு ஏழு வருடம் ஆகிறது. உண்மையைச் சொன்னாலும் அவரால் அவனை உள்ளே தள்ள முடியாது, அவர் அழவும் மாட்டார்.

போதை மீட்பு வேலையில் இருப்பவர்கள் இவரைப் போன்றவரை 'பியர்' என்பார்கள். தமிழில் தோழமைத் துணை என்று எழுதலாம். பையன்களுக்கு அவர் 'அண்ணா', அவ்வளவுதான்.

கொங்குப் பக்கம் போதை என்றால் ஒரு காலத்தில் சாராயமும் கஞ்சாவும்தான். சில ஆண்டுகளாகக் கோவை, திருப்பூர், ஈரோடு செய்திகளில் திரும்பத் திரும்ப வருவது வலி மாத்திரை. குறிப்பாக டேப்பென்டடால். கடும் வலிக்கு டாக்டர் சீட்டின் பேரில் தர வேண்டிய மருந்து இது. மார்பின், ஹெராயின் எல்லாம் எந்தக் குடும்பமோ அதே ஓபியாய்டு, அதாவது அபினி வகைக் குடும்பம். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும்போது ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது, சீழ் வைப்பது, ஊசியைப் பகிர்ந்தால் மஞ்சள் காமாலையும் எச்ஐவியும் என்று வரிசையாக வரும். ஆனால் "மாத்திரைதானே, மெடிக்கல்ல விக்கறதுதானே" என்ற எண்ணம் பையன்களுக்கு. பீஸ் ரேட்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம் மெஷினில் குனிந்திருந்தவருக்கு முதல் மாத்திரை இடுப்பு வலிக்காகத்தான் வந்தது என்று டெய்லர் அண்ணன் சொல்வார். இரண்டாவது வருடம் வலிக்காக இல்லை, அது இல்லாமல் எழுந்திருக்கவே முடியாததால் போட்டார்.

2019ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 2.26 கோடிப் பேர் ஏதாவது ஒரு ஓபியாய்டைப் பயன்படுத்துகிறார்கள். ஏறத்தாழ 77 லட்சம் பேருக்கு அது உதவி தேவைப்படும் அளவுக்குப் போய்விட்டது. ஹெராயினுக்கு அடுத்த இடத்தில், மக்கள்தொகையில் கிட்டத்தட்ட 1 சதவீதத்தோடு, இந்த மருந்துக்கடை ஓபியாய்டுகள் நிற்கின்றன.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். ஓபியாய்டுப் பழக்கத்துக்கு நன்றாக வேலை செய்யும் மருந்து இருக்கிறது. பியூப்ரனார்பின். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டிய மாத்திரை. இதுவும் ஓபியாய்டுதான், ஆனால் மூளையில் ஓபியாய்டுகள் வேலை செய்யும் இடத்தைப் பாதிதான் தூண்டும், கூடுதலாகப் போட்டாலும் ஒரு அளவுக்கு மேல் ஏறாது. அந்த இடத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால் கால் குடைச்சலும் ஏக்கமும் அடங்கும். ஒரு நிபந்தனை உண்டு. பழைய சரக்கு உடம்பில் முழு வேகத்தில் இருக்கும்போது இதைக் கொடுத்தால், அதைத் தள்ளிவிட்டு இது உட்கார்ந்துகொள்ளும். மூன்று நாளில் மெதுவாக வர வேண்டிய வேதனை முழுவதும் அரை மணி நேரத்தில் வந்து இறங்கும். வாந்தி, பேதி, நடுக்கம். அப்படி ஒருமுறை அனுபவித்தவன் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே திரும்ப மாட்டான். அதனால்தான் கடைசியாக எப்போது போட்டான் என்பது டாக்டருக்கு மணிக்கணக்கில் தெரிய வேண்டும்.

அதிகாரி அதே கேள்வியைக் கேட்கும்போது அர்த்தமே வேறு. அங்கே உண்மையான பதில் என்பது நிபந்தனை மீறல். ஒரே தெருவில் இரண்டு கட்டடம். ஒன்றில் பொய் சொன்னால் உடம்புக்கு ஆபத்து, மற்றதில் உண்மை சொன்னால் ஜெயில். இருபத்திரண்டு வயதுப் பையன் இரண்டு இடத்திலும் பொய்யைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறான். சிகிச்சை தோற்பதற்கு இது போதும்.

நீதிமன்றக் கண்காணிப்பும் போதை மீட்பும் பிறந்தபோது இப்படிப் பிரிந்திருக்கவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி இருந்தார். 1841 ஆகஸ்டில் ஒரு நாள் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர், குடிகாரன் என்று கொண்டுவரப்பட்ட ஒரு மனிதனைத் தன் பொறுப்பில் விடச் சொல்லி ஜாமீன் எடுத்தார். மூன்று வாரம் கழித்து அவனைக் கூட்டி வந்தபோது பழைய ஆள் என்று அடையாளமே தெரியவில்லை. நீதிபதி ஒரு சென்ட் அபராதத்தோடு விட்டுவிட்டார். 1859ல் இறக்கும் வரை அகஸ்டஸ் ஏறத்தாழ 2,000 பேரை இப்படித் தன் பொறுப்பில் எடுத்தார். அவர் சேர்ந்திருந்த மதுவிலக்கு இயக்கம், 1840ல் பால்டிமோரில் ஆறு குடிகாரர்கள் கூடி, ஒருவருக்கொருவர் துணை நின்று விடுவோம் என்று தொடங்கியது. உலகின் முதல் நன்னடத்தைச் சட்டம் மாசசூசெட்ஸில் 1878ல்தான் வந்தது. அதாவது அதிகாரி வருவதற்கு முப்பத்தேழு வருடம் முன்பே கூட நடந்து வருகிற ஆள் வந்துவிட்டார்.

நம் சட்டமும் பலர் நினைப்பதைவிட இரக்கமுள்ளது. 1958ம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், தூக்கோ ஆயுளோ கிடைக்காத குற்றமாக இருந்தால் சிறைக்கு அனுப்பாமல் மூன்று வருடம் வரை பிணையில் விட நீதிமன்றத்தை அனுமதிக்கிறது. இருபத்தொரு வயதுக்குள் இருந்தால், சிறைக்கு அனுப்பத்தான் காரணம் எழுத வேண்டும். நன்னடத்தை அலுவலரின் கடமைகளில் வேலை தேடித் தர முயல்வதும் ஒன்று. நிபந்தனையை முதல் முறை மீறினால், பிணையை அப்படியே வைத்துக்கொண்டு ஐம்பது ரூபாய்க்கு மேல் போகாத அபராதத்தோடு நிறுத்தவும் நீதிமன்றத்தால் முடியும். முதல் சறுக்கலுக்கு இடம் கொடுத்துத்தான் அந்தச் சட்டத்தை எழுதியிருக்கிறார்கள். இந்த ஐம்பது ரூபாய் விஷயத்தைச் சொன்னால் பையன்கள் நம்புவதே இல்லை.

1985ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையானது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குள்ளும் கதவுகள் உண்டு. போதை உட்கொண்ட குற்றத்துக்கு, அதாவது 27ம் பிரிவுக்கு, நன்னடத்தைச் சட்டம் பொருந்தும் என்று 33ம் பிரிவு சொல்கிறது. 39ம் பிரிவின்படி, அடிமைப்பட்டவர் உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றவாளி என்று தீர்ப்பானால், அவர் சம்மதித்தால், தண்டனைக்குப் பதிலாக அரசு அங்கீகரித்த மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஒரு வருடத்துக்குள் சிகிச்சை அறிக்கை தர வேண்டும். அது நன்றாக இருந்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம். தானாகவே சிகிச்சைக்குப் போகிறவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருவது 64ஏ பிரிவு. ஆனால் சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம்.

இவ்வளவு இருந்தும் எங்கள் ஊர்ப் பையன்களில் பலர் இந்தக் கதவுகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். காரணம் எளிது. டேப்பென்டடால் நெடுங்காலம் அந்தச் சட்டத்தின் பட்டியலுக்கு வெளியேதான் இருந்தது. இதே குடும்பத்து டிரமடாலைச் சேர்த்ததே 2018ல்தான். தவிரவும், மாத்திரைக்குக் காசு இல்லாமல் பைக் திருடியவன் நீதிமன்றத்துக்கு வருவது திருடனாக. வழக்குக் கட்டில் திருட்டுப் பிரிவு மட்டும்தான் இருக்கும், ஊசித் தழும்பு இருக்காது. நீதிபதி வயதைப் பார்த்துப் பிணையில் விடுவார், மாதாமாதம் கையெழுத்து என்பார். அவன் உடம்பு தினமும் கேட்பது என்ன என்று அந்த உத்தரவில் ஒரு வரி இருக்காது. நன்னடத்தை அலுவலர் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் விசாரணை அறிக்கையில் அந்த வரி வர வேண்டும். அலுவலர் வீட்டுக்குப் போய் விசாரித்தால், குடும்பம் மானத்துக்குப் பயந்து "எங்க பையன் பீடி கூடக் குடிக்க மாட்டானுங்க" என்றுதான் சொல்லும். நாளைக்குப் பெண் கேட்டுப் போக வேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு. அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது?

குடும்பங்கள் சும்மா இருப்பதில்லை. குலதெய்வம் கோயிலில் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டுவார்கள். நகையை அடகு வைத்து எங்கேயோ ஒரு மறுவாழ்வு இல்லத்தில் மூன்று மாதம் அடைத்து வைப்பார்கள். சில இடங்களில் ராத்திரியில் வேன் வந்து கைகாலைப் பிடித்துத் தூக்கிப் போகும். பையன் மெலிந்து, மழித்த தலையோடு, 'சுத்தமாக' வெளியே வருவான். உண்மையில் அவன் வாழ்க்கையிலேயே மிக ஆபத்தான நாள் அதுதான். மூன்று மாதத்தில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும், மூளையின் ஏக்கம் இறங்காது. ஒரு பழைய கூட்டாளியைப் பார்த்துப் பழைய அளவை ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2007ல் வந்தது. முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் ஓவர்டோஸில் சாகும் ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு. நான் ஆண்டுக்கணக்கில் பார்த்த எண்களில் என்னை அதிகம் உலுக்கியது இது. சிறைக்கு மட்டுமல்ல, அடைத்து வைத்து 'விட வைக்கும்' எந்த இடத்துக்கும் இந்த உடலியல் பொருந்தும்.

ஆகவே முதல் இரண்டு வாரம் அவன் பக்கத்தில் ஆள் வேண்டும், மருந்தும் வேண்டும். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2016ல் தன் சிறைகளில் பியூப்ரனார்பின், மெத்தடோன், நால்ட்ரெக்ஸோன் என்ற மூன்று மீட்பு மருந்துகளையும் கொடுக்கத் தொடங்கி, வெளியே வந்த பிறகும் அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டது. அந்த ஆண்டின் முதல் ஆறு மாதத்தில், அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்களில் 26 பேர் ஓவர்டோஸில் இறந்திருந்தார்கள். அடுத்த வருடம் அதே ஆறு மாதத்தில் 9 பேர். உலக சுகாதார நிறுவனம் மெத்தடோனையும் பியூப்ரனார்பினையும் 2005லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், 2007க்குப் பிறகு, ஊசி போடுவோருக்கு அரசு மையங்களில் பியூப்ரனார்பின் விரிவாகக் கிடைக்கத் தொடங்கியது. நர்ஸ் மாத்திரையை நுணுக்கி நாக்குக்கு அடியில் வைத்து, கரையும் வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

தினமும் நேரில் போக வேண்டும் என்பதில்தான் எங்கள் ஊர்ப் பிரச்சினை. பனியன் கம்பெனி எட்டரைக்கு ஆரம்பிக்கும், ஆஸ்பத்திரி ஒன்பதுக்குத் திறக்கும். அரை மணி நேரம் தாமதமானால் அந்த மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான். வேலை போனால் அதிகாரி முன்னால் பதில் சொல்ல வேண்டும், மருந்து போனால் உடம்பு பதில் சொல்லும். ஏற்கனவே இதைச் சமாளித்தவருக்குத்தான் வழி தெரியும். எந்தக் காண்ட்ராக்டரிடம் ஒன்பதரைக்கு வருகிறேன் என்று பேசலாம், எந்த நாளில் கூட்டம் குறைவு, பஸ் எது என்பதெல்லாம் டெய்லர் அண்ணன் போன் எண்ணோடு வைத்திருக்கிறார். தோழமைத் துணை என்பதில் பாதிக்கு மேல் இந்த மாதிரிச் சில்லறை விஷயங்கள்தான். ஆதார் அட்டை தொலைந்திருந்தால் புதிது எடுப்பது, வாய்தா நாளை நினைவுபடுத்துவது, ராத்திரி பதினொரு மணிக்குக் கால் குடையும்போது போனை எடுப்பது.

இன்னொரு வேலையும் உண்டு. "இதுவும் மாத்திரை, அதுவும் மாத்திரை, இதுல என்ன விட்டது?" என்று வீட்டிலும் கம்பெனியிலும் கேட்பார்கள். முழுமையாக விட்டவர்களே கூடும் சில குழுக்களிலும் பியூப்ரனார்பினில் இருப்பவரைக் 'கிளீன்' என்று ஒப்புக்கொள்ளத் தயக்கம் உண்டு. அந்தக் குழுக்கள் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியவை, மதிப்போடுதான் சொல்கிறேன். ஆனால் பியூப்ரனார்பின், மெத்தடோன் மருந்துகளில் இருக்கும் காலத்தில் ஓபியாய்டு நோயாளிகளின் இறப்பு பாதிக்கும் கீழே இறங்குகிறது என்பது நாடு நாடாகப் பார்த்து உறுதியான விஷயம். நீதிமன்றமோ அதிகாரியோ "அதையும் நிறுத்து" என்று நிபந்தனை போட்டால், அது மருத்துவத்துக்கு எதிரான நிபந்தனை. "நானும் ரெண்டு வருசம் நாக்குக்கு அடியில வச்சவன்தான், இன்னிக்கு ரெண்டு மெஷின் வச்சிருக்கேன்" என்று டெய்லர் அண்ணன் சொல்வதற்கு இருக்கும் பலம் எந்தத் துண்டறிக்கைக்கும் இல்லை.

இது எங்கள் மண்ணுக்குப் புதிதும் இல்லை. நாமக்கல்லில் லாரித் தொழிலோடு சேர்ந்து எச்ஐவி பரவிய காலத்தை நினைத்துப் பாருங்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு, பயப்படாதே என்று வீட்டுக்கு வந்து சொன்னவர்களில் தொற்றோடு வாழ்ந்தவர்களே இருந்தார்கள். அப்போது வேலை செய்தது இப்போது ஏன் செய்யாது? தோழமைத் துணை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை என்பதும், மற்ற சேவைகளோடு கலந்திருப்பதால் தனியாகப் பிரித்து அளப்பது கடினம் என்பதும் உண்மை. ஆனாலும் அவை பொதுவாகக் காட்டுவது, துணை இருந்தால் சிகிச்சையில் நிலைத்திருக்கும் காலம் கூடுகிறது என்று. ஓபியாய்டு நோயில் நிலைத்திருப்பதுதான் பாதிச் சிகிச்சை.

அப்படியானால் தோழமைத் துணையை நன்னடத்தை அலுவலகத்திலேயே வேலைக்கு வைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கே எனக்கு உறுதியான கருத்து உண்டு: வைக்கக் கூடாது. அவர் அலுவலருக்கு அறிக்கை கொடுக்கத் தொடங்கிய நாளில் பையன்கள் அவரிடமும் "மூணு மாசம் ஆச்சுங்" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அவர் கையில் எந்த அதிகாரமும் இல்லை, அதனால்தான் உண்மை வருகிறது. அவரை மருத்துவமனையோடு சேர்க்க வேண்டும். 2017ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது, நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையையும் தருகிறது. அந்தக் குடைக்குள் தோழமைத் துணையையும் எழுத்துப்பூர்வமாகக் கொண்டுவர வேண்டும். அலுவலருக்குப் போக வேண்டியது ஒன்றே ஒன்று: இவர் சிகிச்சைக்கு வருகிறார் அல்லது வரவில்லை. அதையும் பையனுக்குத் தெரிந்தே மருத்துவமனை அனுப்பட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வாயைத் திறப்பேன் என்று துணையும் முதல் நாளே பையனிடம் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது சம்பளம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் மனநலத் துறையில் இந்த வேலைக்கு 1999லேயே அரசு மருத்துவ உதவித் திட்டத்திலிருந்து பணம் கொடுக்கத் தொடங்கியது. இங்கே இது இன்னும் 'சேவை'. அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் மீட்பு மையங்கள் வந்திருப்பது நல்ல தொடக்கம். அங்கே டாக்டர், மனநல ஆலோசகரோடு இப்படி ஓர் ஆளுக்கும் இடம் வேண்டும். ஆனால் எந்த அரசு வேலைக்கும் போலீஸ் சரிபார்ப்பு கேட்பார்கள். இந்த வேலைக்கு எந்தப் பழைய வாழ்க்கை தகுதியோ, அதே பழைய வாழ்க்கை சரிபார்ப்பில் தடையாக நிற்கும். 1958ம் ஆண்டுச் சட்டத்தின் 12ம் பிரிவு, நன்னடத்தையில் விடப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது என்கிறது. ஆளெடுப்பவர்கள் அதை எடுத்துப் படித்தால் நல்லது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் திட்டத்திலும் வழி உண்டு. நீண்டநாள் தண்டனைக் கைதிகளையே சிறைக்குள் தன்னார்வலர்களாகப் பயிற்றுவிக்க அதில் இடம் இருக்கும்போது, மீண்டு வந்த ஒரு டெய்லருக்கு இருக்காதா?

துணைக்கும் துணை வேண்டும். ஒரே ஆள் பதினைந்து பையன்களைச் சுமந்தால் அவரே சறுக்குவார். வாரம் ஒருமுறை அவர் பேச ஒரு ஆலோசகர், கைக்காசு கடன் கொடுக்கக் கூடாது என்பது போன்ற சில கறாரான எல்லைகள், ராத்திரி போனை மாற்றி எடுக்க இன்னொருவர். இந்த ஏற்பாடு எதுவும் டெய்லர் அண்ணனுக்கு இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது உதவி தேவையென்றால் 14446 என்ற கட்டணமில்லா தேசிய எண் இருக்கிறது. மூச்சுத் திணறி, உதடு நீலம் பாரித்து, எழுப்பினாலும் எழாமல் கிடந்தால் யோசிக்காமல் 108. ஓபியாய்டை முறிக்கும் நலாக்ஸோன் ஊசி ஆஸ்பத்திரியில் போடுவார்கள். என்ன போட்டான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை பையன் ஆஸ்பத்திரியில் நேற்று மத்தியானம் என்று சரியாகச் சொன்னான். டாக்டர் மணிக்கணக்குப் பார்த்து, உடம்பைப் பார்த்து, முதல் மாத்திரையை அங்கேயே வைக்கச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் கொட்டாவி நின்றது. பதினொன்றரைக்கு அலுவலகம் போனார்கள். நானும் என் காகிதத்தோடு அந்த வழியாகத்தான் வந்தேன். பையன் மட்டும் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். டெய்லர் அண்ணன் போகவில்லை.

"நீங்களும் போலாமில்லீங்களா?" என்று கேட்டேன்.

"நான் உள்ள போயி அவருகிட்ட சிரிச்சுப் பேசுனா, நாளைக்கு இவன் எங்கிட்டப் பேச மாட்டானுங்க."

வேப்பமரத்தடியில் வண்டியில் சாய்ந்து நின்று, காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு, மத்தியானத்துக்கு மேல்தான் வர முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரை ஷிப்ட் கூலி அன்றைக்குப் போனது.